கடை போன் பில்லு மாசம் 1,590 வெள்ளி: எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வி இதுதான். மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுல அப்பா காலத்து ஹார்ட்வேர் கடை, கோலகங்சார்ல ஒரு கிளை, லிந்தாங் போற ரோட்டுல ஒரு ஸ்டோரு. ரெண்டு லேண்ட்லைன், ஒரு ஃபேக்ஸ் லைன், ரெண்டு இடத்துல இண்டர்நெட், ஒம்பது ஹேண்ட்போன் லைன். எல்லாம் சேர்த்து மாசம் 1,590 வெள்ளி போகுது, வியாபாரம் வேற டல்லு, எல்லாத்தையும் எங்க கம்பெனிக்கே மாத்திடுங்க பாதியா குறைச்சுத் தரேன்னு ஒரு டீலர் வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு, மாறலாமான்னு தம்பி கேக்குறாரு.

தம்பி, இப்பவே மாறாதீங்க. டீலர் பொய் சொல்றாருன்னு சொல்ல வரல, அவரு சொல்ற விலை உண்மையாவே இருக்கலாம். ஆனா உங்ககிட்ட இப்ப என்னென்ன இருக்கு, ஒவ்வொண்ணும் எதுக்கு, எந்த தேதி வரைக்கும் கான்ட்ராக்ட்டு, இது உங்களுக்கே தெரியாம புதுசா கையெழுத்து போட்டா பழசும் ஓடும் புதுசும் ஓடும், கொஞ்ச மாசத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டிக்கிட்டு இருப்பீங்க. நான் இந்தப் பக்கத்துல சின்ன கடைங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிற ஆளு. டயர் கடை, கிளினிக்கு, லோரி கம்பெனின்னு நிறைய பேரோட போன் பில்லு என் மேசைக்கு வரும். பேக்கேஜை மாத்தி மிச்சம் பிடிச்சவங்களைவிட, வேண்டாத லைனைக் கண்டுபிடிச்சு வெட்டி மிச்சம் பிடிச்சவங்கதான் அதிகம்.

முதல் வேலை, மூணு மாசத்து பில்லை எடுங்க. முதல் பக்கத்துல இருக்கிற மொத்தத் தொகை இல்ல, உள்ள வர்ற விவரப் பக்கம் எல்லாம் வேணும். இப்ப முக்கால்வாசி கம்பெனி ஆப்புலதான் பில்லு போடுறாங்க, முழு பிடிஎஃப்பை இறக்குங்க. ஒரு நோட்டுலயோ எக்செல்லயோ ஒரு லைனுக்கு ஒரு வரி எழுதுங்க: நம்பரு, யார் பேர்ல பதிஞ்சிருக்கு, யாரு பாவிக்கிறாங்க, என்ன பேக்கேஜு, மாசம் எவ்வளவு, கான்ட்ராக்ட் என்னைக்கு முடியுது. கடைசி விஷயம் பில்லுல பெரும்பாலும் இருக்காது, கஸ்டமர் சர்வீஸுக்கு அடிச்சுக் கேட்கணும், இல்லேன்னா கம்பெனி சாப்பு அடிச்ச லெட்டரோட கடைக்குப் போய்க் கேட்கணும். போர் அடிக்கிற வேலைதான், ஒரு மத்தியானம் போயிரும், ஆனா இதைச் செய்யாம மிச்ச எதையும் செய்ய முடியாது.

எழுதும்போதே சிலது தானா வெளிய வரும். வேலையை விட்டுப் போன சேல்ஸ்மேனோட சிம்மு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும். யாரோ ஒரு தடவை ஆன்லைன் மீட்டிங்குக்குன்னு வாங்குன டேட்டா சிம்மு மோடத்தோட டிராயருக்குள்ள கிடக்கும். ஒரு டயர் கடைல பார்த்தேன், பின்னால ஸ்டோர் ரூம்ல ஃபேக்ஸ் மெஷினு, அதுக்கு மேல ஊதுபத்தி பாக்கெட்டு, பழைய காலண்டரு, பேப்பர் ரோலு மஞ்சளாப் போய் ஒட்டிக்கிச்சு, ஆனா மெஷினோட பச்சை லைட்டு மட்டும் எரியுது. லைன் வாடகை மாசா மாசம் பேங்க்ல தானா கழிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. ஆட்டோ டெபிட் வச்சா பில்லை யாரும் திறந்து பாக்கிறது இல்ல, அதுதான் காரணம். உங்க ஃபேக்ஸ் லைனும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன், ஏன்னா இப்ப சப்ளையரும் பேங்கும் ஈமெயிலு, வாட்ஸ்அப்புதான்.

ஆனா அவசரப்பட்டு வெட்டாதீங்க. கடைல திருடன் அலாரம் இருந்தா அது அந்த லைன் வழியாத்தான் செக்யூரிட்டி கம்பெனிக்கு போன் அடிக்குதோ என்னமோ. பழைய கார்டு மெஷினு சிலது போன் லைன்லதான் ஓடும். சுவர்ல இருந்து வர்ற வயரைக் கையால பிடிச்சு எங்க போகுதுன்னு பாருங்க, அந்த நம்பருக்கு வேற போன்ல இருந்து அடிச்சு எது மணி அடிக்குதுன்னு பாருங்க, பிறகு வயரைக் கழட்டி ஒரு பில்லு மாசம் முழுக்க விட்டுப் பாருங்க. யாரும் கேட்கலேன்னா எழுத்து மூலமா நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்துனதுக்கு ரெஃபரென்ஸ் நம்பர் வாங்குங்க, அடுத்த பில்லுல அது நின்னுச்சான்னு திரும்பப் பாருங்க. போன்ல சொன்னேன் நிப்பாட்டிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்து மேலும் கட்டுன கடைங்க இருக்கு. டெபாசிட் கட்டியிருந்தா அதையும் திருப்பிக் கேளுங்க, பழைய லைனுக்குக் கட்டுன டெபாசிட்டை நிறைய பேரு மறந்துர்றாங்க.

அப்பா காலத்து லேண்ட்லைன் நம்பரை மட்டும் தொடாதீங்க. கடை போர்டுலயும் லோரி கதவுலயும் சுத்துவட்டாரத்துத் தோட்ட ஆபீஸ் கிராணியோட நோட்டுலயும் இருக்கிற நம்பரு அது, மிச்சம் பிடிக்கப் போய் கஸ்டமரை இழந்துறக் கூடாது. ஆனா அது இன்னும் பழைய செம்பு வயர்ல ஓடுதா இல்ல ஃபைபர்ல ஓடுதான்னு கேளுங்க, டிஎம் (டெலிகாம் மலேசியா) செம்பு லைனைப் படிப்படியா எடுத்துட்டு ஃபைபருக்கு மாத்திக்கிட்டு வராங்க. இந்த ஊருக்கும் தொலைத்தொடர்புக்கும் ஒரு சொந்தம் இருக்கு, இளம் பிள்ளைங்களுக்குத் தெரியாது. துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரரு, 1960கள்ல பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சரா இருந்தவரு. பிறகு இந்தத் தொகுதி எம்பி சாமிவேலு 1989ல இருந்து 1995 வரைக்கும் எரிசக்தி, தொலைத்தொடர்பு, தபால் அமைச்சரு. நடுவுல 1987லதான் அரசாங்க இலாகாவா இருந்த டெலிகாம் கம்பெனியாச்சு, 1990ல பங்குச் சந்தைக்குப் போச்சு. அந்தக் காலத்து வயருங்க இன்னும் சில கம்பத்துல தொங்குது.

ஃபைபருக்கு மாறுனா ஒரு விஷயம் ஞாபகம் வைங்க. செம்பு லைன் போனுக்குக் கரண்டு எக்ஸ்சேஞ்சுல இருந்தே வரும், கடைல கரண்டு போனாலும் போன் வேலை செய்யும். ஃபைபர் போன் உங்க கடை ரவுட்டர் வழியா ஓடுறதால கரண்டு போனா போனும் போயிரும். சின்ன யூபிஎஸ் ஒண்ணு ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் போட்டுட்டா போதும். இன்னொண்ணு, லேண்ட்லைனை ஹேண்ட்போனுக்கு ஃபார்வர்ட் போட்டு வச்சிருந்தா அந்த ரெண்டாவது கால் உங்க செலவு, கடை லைன் பேக்கேஜுல ஹேண்ட்போனுக்கு இலவச நிமிஷம் இல்லேன்னா நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறும். பில்லுல உங்க சொந்த நம்பருக்கே நீங்க அடிச்ச மாதிரி வரிசையா காட்டுச்சுன்னா அது இதுதான்.

இண்டர்நெட்டுக்கு வர்றேன், இங்கதான் நிறைய பேருக்கு விஷயம் தெரியல. நம்ம மாதிரி தோட்டத்துப் பட்டணத்துல வாசல் கம்பத்துல இருக்கிறது டிஎம் வயரு மட்டும்தான், அதனால டிஎம்மோட யூனிஃபை இண்டர்நெட் தவிர வேற வழி இல்லேன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. அதே வயர்ல மேக்சிஸ், செல்கம்டிஜி மாதிரி கம்பெனிங்களும் மொத்த விலைக்கு வாங்கி உங்களுக்கு விக்கலாம். அந்த மொத்த விலைக்கு எம்சிஎம்சி (தொலைத்தொடர்பைக் கண்காணிக்கிற அரசாங்க ஆணையம்) ஒரு உச்ச வரம்பு வச்சிருக்கு, 2018ல அந்த வரம்பைக் குறைச்சதுலதான் நாட்டுல ஃபைபர் விலை நல்லா இறங்குச்சு, 2023 மார்ச்ல இருந்து மறுபடி புது வரம்பு வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் கம்பெனிங்க புது பேக்கேஜு விடுறாங்க, புதுசா வர்றவனுக்கு நல்ல விலை கிடைக்குது, பழைய ஆளு கேட்டாதான் மாத்துவாங்க. உங்க ரெண்டு கடை இண்டர்நெட்டும் எந்த வருஷத்துப் பேக்கேஜுன்னு பாருங்க. பழைய பேக்கேஜா இருந்து கான்ட்ராக்ட்டும் முடிஞ்சிருந்தா, அதே கம்பெனிக்கு அடிச்சு, இன்னைக்குப் புது கஸ்டமருக்கு என்ன விலை தர்றீங்களோ அதை எனக்குத் தாங்க, இல்லேன்னா அந்த வயர்லயே வேற ஆளுகிட்ட போறேன்னு சொல்லுங்க. மரியாதையா சொன்னா போதும், வேலை செய்யும்.

வேகத்தை அளவுக்கு மேல வாங்காதீங்க. ஹார்ட்வேர் கடைக்கு பிஓஎஸ்ஸு (கல்லா கம்ப்யூட்டரு), ஈமெயிலு, வாட்ஸ்அப்பு, சிசிடிவி, இ-இன்வாய்ஸ், இவ்வளவுதான். 100 எம்பிபிஎஸ் தாராளம். பாக்க வேண்டியது அப்லோட் வேகத்தை, ஏன்னா வீட்டுல இருந்து கடை சிசிடிவியைப் பாக்கும்போது படம் கடைல இருந்து வெளிய போகுது, அப்லோடு டவுன்லோடுக்குச் சமமா எல்லாப் பேக்கேஜுலயும் இருக்காது. ஸ்டாட்டிக் ஐபின்னு (மாறாத இண்டர்நெட் முகவரி) ஒரு கட்டணம் பில்லுல இருந்தா எதுக்குன்னு கேளுங்க. பழைய சிசிடிவி பெட்டிக்காகச் சேர்த்திருப்பாங்க, இப்ப வர்ற பெட்டிங்க க்ளவுட் வழியா ஆப்புலயே வந்துரும், அது தேவையில்ல.

ஹேண்ட்போன் ஒம்பது லைன்தான் உங்க பில்லுல பெரிய துண்டுன்னு நினைக்கிறேன். ஒவ்வொரு லைனும் மாசம் எத்தனை ஜிபி தின்னுதுன்னு ஆப்புல தெரியும். கடை கவுண்டர்ல நிக்கிறவருக்கு 100 ஜிபி பேக்கேஜு எதுக்கு, கடை வைஃபைலயே பாதி நாள் இருக்காரு. லோரி ஓட்டுறவருக்குப் பேசுறதும் மேப்பும்தான். பாதிப் பேரை ஒரு படி கீழ இறக்கலாம், இல்லேன்னா ஒரு முதல் லைனுக்குக் கீழ மத்ததை சப் லைனா போட்டு டேட்டாவைப் பங்கு போடலாம்.

இதுல ஹேண்ட்போனோட சேர்த்து வாங்குன பேக்கேஜு எத்தனைன்னு பாருங்க. போன் இலவசம்னு கொடுத்தது இலவசம் இல்ல, அந்த 24 மாசக் கட்டணத்துக்குள்ள போன் விலையும் ஒளிஞ்சிருக்கு. 24 மாசம் முடிஞ்சாலும் பல பேக்கேஜுல கட்டணம் தானா இறங்காது, நீங்க கேட்டு சிம் மட்டும் பேக்கேஜுக்கு மாறணும். முடிஞ்சு போன போனுக்கு இன்னும் காசு கட்டிக்கிட்டு இருக்கிற லைன் உங்ககிட்ட ரெண்டு மூணாவது இருக்கும்.

கான்ட்ராக்ட் முடியாத லைனுக்குக் கணக்கு போட்டுத்தான் முடிவு பண்ணணும், டீலருங்க இந்தக் கணக்கைத் தப்பா போட்டுக் காட்டுவாங்க. ஒரு லைன்ல மாறுனா மாசம் 60 வெள்ளி மிச்சம்னு வைங்க, கான்ட்ராக்ட் இன்னும் அஞ்சு மாசம், இப்ப வெட்டுனா பெனால்ட்டி 500. டீலர் என்ன சொல்வாரு, 24 மாசத்துல 1,440 வெள்ளி மிச்சம், 500 போனா போகட்டும்பாரு. ஆனா அஞ்சு மாசம் பொறுத்தா நீங்க பெனால்ட்டி இல்லாமலே மாறிடலாமே. அப்ப இன்னைக்கே மாறுறதால கிடைக்கிற லாபம் அந்த அஞ்சு மாசத்து 300 வெள்ளி மட்டும்தான், அதுக்கு 500 கொடுக்கிறது நட்டம். காலண்டர்ல தேதியைக் குறிச்சு வச்சுட்டு, முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடி பேச ஆரம்பிங்க. கான்ட்ராக்ட் முடியப் போற கஸ்டமருக்குத்தான் கம்பெனி இறங்கி வரும், நடுவுல இருக்கிறவருக்கு வராது.

நம்பர் மாறிடுமேன்னு பயப்படாதீங்க, ஹேண்ட்போன் நம்பரை அப்படியே வேற கம்பெனிக்குக் கொண்டு போறது 2008ல இருந்தே இருக்கு. பாக்கி இல்லாம இருக்கணும், பதிஞ்ச பேரும் சரியா இருக்கணும். இங்கதான் சிக்கல் வரும், அப்பா பேர்ல ரெண்டு, தம்பி பேர்ல ஒண்ணு, போன கிராணி பேர்ல ஒண்ணுன்னு கலந்து கிடக்கும். எல்லாத்தையும் கம்பெனி பேருக்கு மாத்துங்க, இது காசு மிச்சத்தைவிட முக்கியம்னு நான் நினைக்கிறேன். சேல்ஸ்மேன் சொந்தப் பேர்ல இருக்கிற நம்பருக்குத்தான் கஸ்டமருங்க ஆர்டர் அனுப்புறாங்கன்னா அவரு வேலை மாறுற அன்னைக்கு அந்த ஆர்டரும் அவரோட போயிரும். வருமானவரிக்கும் நல்லது, 1967 வருமானவரிச் சட்டம் 33ஆவது பிரிவுப்படி வியாபாரத்துக்குன்னே ஆன செலவைக் கழிக்கலாம், கம்பெனி பேர்ல பில்லு இருந்தா ஆடிட்டர் கேள்வி கேட்க மாட்டாரு. வீட்டுப் பிள்ளைங்க லைனை அதுக்குள்ள சேர்க்காதீங்க.

வரின்னதும் சொல்லிடுறேன், உங்க 1,590ல 90 வெள்ளி சேவை வரி. 2024 மார்ச்ல சேவை வரியை 6ல இருந்து 8 விழுக்காடா ஏத்துனப்ப தொலைத்தொடர்பை 6லயே விட்டாங்க. ஜிஎஸ்டி காலத்துல பதிவு பண்ண கடைங்க கட்டுன வரியைத் திருப்பிக் கேட்க முடிஞ்சது, இப்ப சேவை வரியை அப்படிக் கேட்க முடியாது, கட்டுனா கட்டுனதுதான். அதனால 100 வெள்ளி குறைச்சா உண்மைல 106 குறையுது. பில்லுல தொலைத்தொடர்புக்கு 8 விழுக்காடு போட்டிருந்தா கேளுங்க.

பேக்கேஜு விலைக்கு வெளிய வர்ற சின்னச் சின்னக் கட்டணங்களையும் விடாதீங்க. கேம் கிரெடிட்டு, ஆப்பு வாங்குனது எல்லாம் போன் பில்லுலயே ஏறும் வசதி இருக்கு, வேலைக்காரங்க லைன்ல அதை கம்பெனிக்குச் சொல்லி அடைச்சிடலாம். 3ல ஆரம்பிக்கிற அஞ்சு இலக்க நம்பர்ல இருந்து மெசேஜு வந்து வந்து காசு கழிஞ்சா, அந்த நம்பருக்கே ஸ்டாப் ஆல்னு அனுப்புனா நிக்கும், அது ரெண்டு சொல்லையும் ஆங்கில எழுத்துல அடிக்கணும். வெளிநாட்டு நம்பர் ஒரு மணி அடிச்சு வச்சா திருப்பி அடிக்காதீங்கன்னு கடைப் பிள்ளைங்ககிட்ட சொல்லி வைங்க. ஐடிடி (வெளிநாட்டுக்கு அடிக்கிற வசதி) யாருக்கும் தேவையில்லேன்னா மொத்தமா அடைக்கச் சொல்லுங்க. கடைல லைனைப் பல எக்ஸ்டென்ஷனுக்குப் பிரிச்சு விடுற பிஏபிஎக்ஸ் பெட்டி இருந்தா இன்னும் முக்கியம், கம்பெனில வர்றப்ப இருக்கிற பாஸ்வேர்டையே விட்டு வச்சிருந்தா வெளிய இருந்து உள்ள புகுந்து ராத்திரி, சனி, ஞாயிறுன்னு வெளிநாட்டுக்கு அடிச்சுத் தள்ளிடுவாங்க, திங்கக்கிழமை கடை திறக்கும்போது ஆயிரக் கணக்குல பில்லு நிக்கும். ஐடிடி அடைச்சிருந்தா அந்த வழியே இல்ல. லோரி ஹாட்யாய் பக்கம் போகுதுன்னா டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணி வைக்கச் சொல்லுங்க, பார்டர்கிட்ட இந்தப் பக்கம் நிக்கும்போதே போன் தாய்லாந்து டவரைப் பிடிச்சுக்கும்.

1300, 1800 நம்பர் வாங்கச் சொல்லி யாராவது வந்தா வேணாம்னுருங்க. 1800ல முழுக் காசும் உங்க தலைல, 1300ல கூப்பிடுறவரு லோக்கல் கட்டணம் கொடுத்தாலும் மிச்சம் உங்க தலைல. உங்க கஸ்டமருங்க கோலகங்சார், செம்மோர், சாலாக் ஆளுங்க, வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்புல கடை நம்பரையே போட்டு சிமெண்டு, பைப்பு, ஜிங்கு விலையோட கேட்டலாக் வச்சா போதும், அது சும்மாவே கிடைக்குது. லேண்ட்லைன் நம்பரையே அதுல பதியலாம், பதியறதுக்கு வேண்டிய ரகசிய நம்பரை கால் அடிச்சுச் சொல்லும்.

இப்ப டீலர் சொன்ன எல்லாமே ஒரே கம்பெனி விஷயம். எனக்கு அதுல சம்மதம் இல்ல. விலை குறையும், உண்மை. ஆனா நம்ம பக்கம் மழைக்காலத்துல மரம் விழுந்து வயர் அறுகுது, செம்பு வயருன்னு நினைச்சு ஃபைபரையும் திருடனுங்க வெட்டுறானுங்க, அன்னைக்குக் கார்டு மெஷினும் டுயிட்நவ் கியூஆர் பேமெண்டும் பிஓஎஸ்ஸும் சேர்ந்து நின்னுச்சுன்னா ஒரு நாள் வியாபாரம் போறது நீங்க மாசம் பூரா பிடிச்ச மிச்சத்தைவிட அதிகம். வயர் ஒரு கம்பெனின்னா அவசரத்துக்கு வைக்கிற சிம்மு வேற டவர்ல இருக்கணும். இதுல ஏமாறாதீங்க, செல்கமும் டிஜியும் 2022 கடைசில ஒண்ணாயிருச்சு, அதனால ஒண்ணு செல்கம் ஒண்ணு டிஜின்னு வச்சிருந்தா அது ரெண்டு நெட்வொர்க் இல்ல. ரெட்ஒன் மாதிரி சின்ன பிராண்டும் அவங்க டவர்லதான் ஓடுது. பேர் வேற வேறயா இருக்கிறது முக்கியமில்ல, டவர் யாரோடதுன்னு கேளுங்க.

மாறுறதுக்கு முன்னாடி ஒரு ப்ரீபெய்ட் சிம்மை வாங்கி உங்க ஆளுங்க நிக்கிற இடத்துலயே போட்டுப் பாருங்க. பட்டணத்துல எல்லா லைனும் நல்லாத்தான் இருக்கும். லிந்தாங் தாண்டி உள்ள போனா மலையும் செம்பனையும் மறைக்குது, ஸ்டோருக்குப் பின்னால ஜிங்கு கூரைக்குக் கீழ ஒரு கம்பெனிக்கு மூணு கோடு காட்டும் இன்னொண்ணுக்கு ஒண்ணுமே இருக்காது. மலிவா மாறிட்டு ஸ்டோர்ல போன் எடுக்கலேன்னா லோரி காலியா திரும்பி வரும், டீசல் காசு தனி. ஸ்டோர்ல எதுவுமே பிடிக்கலேன்னா ஸ்டார்லிங்க் (சாட்டிலைட் இண்டர்நெட்) 2023 ஜூலைல இருந்து இங்க கிடைக்குது, ஆனா உங்களுக்கு அந்த அளவு தேவை இருக்கும்னு தோணல, தூரத்துத் தோட்ட ஆபீஸுக்குத்தான் அது சரி.

பில்லுல தப்பு இருந்தா முதல்ல அந்தக் கம்பெனிகிட்டயே புகார் கொடுத்து நம்பர் வாங்குங்க, தகராறு இல்லாத தொகையை நேரத்துக்குக் கட்டிடுங்க, இல்லேன்னா லைனை வெட்டிட்டு வாதாடுவாங்க. பதில் சரியா வரலேன்னா எம்சிஎம்சிக்கு ஆன்லைன்ல புகார் போடலாம், பில்லையும் ரெஃபரென்ஸ் நம்பரையும் சேர்த்து அனுப்புங்க.

அந்த டீலரை விரட்ட வேணாம். லிஸ்டு எழுதி முடிச்சதும் திரும்பக் கூப்பிடுங்க, முடிஞ்சு போன கான்ட்ராக்ட் லைனை மட்டும் காட்டி விலை கேளுங்க. வரியோட மாசம் எவ்வளவு, சலுகை விலை எத்தனை மாசத்துக்கு, அது முடிஞ்ச பிறகு என்ன விலை, கான்ட்ராக்ட் எத்தனை மாசம், முன்னாடியே வெட்டுனா எவ்வளவு, ரவுட்டரு யாரோடது, இதை எல்லாம் வாயால சொல்லாம கம்பெனி லெட்டர்ல எழுதித் தரச் சொல்லுங்க. அதே லெட்டரை உங்க இப்போதைய கம்பெனிகிட்டயும் காட்டுங்க. யாரு இறங்கி வர்றாங்களோ அங்க கையெழுத்து போடுங்க, ஆனா ஒம்பது லைனுக்கும் ஒரே நாள்ல போடாதீங்க. முதல்ல கோலகங்சார் கிளையோட லைனை மட்டும் மாத்திட்டு ரெண்டு பில்லு வரட்டும், சொன்ன விலையும் வந்த விலையும் ஒண்ணா இருந்தா மத்ததுக்குப் போங்க.